அகராதி விழாவுக்கு வராதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், முழங்கால் நலமில்லை. நீயும் அத்தானும் நலமாயிருக்க வேண்டும், முக்கியமாக வீட்டிலேயே இருக்க வேண்டும். அடுத்த வாரம் நடக்கும் அகராதி வெளியீட்டு விழாவுக்கு உனக்கு அழைப்பு வரும். தயவுசெய்து வராதே.

விஷயம் இதுதான். நம் வீட்டு மொழியைப் பேச உலகத்தில் மிச்சமிருப்பது நாம் இரண்டே பேர். நாமும் அப்பாவின் சுவர்க்கடிகாரத்துக்காகச் சண்டை போட்டு எட்டு வருஷமாகப் பேசவில்லை. அந்த மொழியைப் பிழைக்கவைக்க ஓர் ஆய்வுக்காரப் பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். ரிட்டயரான லிஃப்ட் மெக்கானிக்கின் பேச்சை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நாற்பது வார்த்தையில் என் சரக்கு தீர்ந்துவிட்டது. சீப்புக்கு என்ன சொல் என்றாள். எதிரே சலவைக் கடைப் பலகை தெரிந்தது. பின்னாலிருந்து படித்து, "வைலச" என்றேன். "இதோட வேர் என்ன சார்?" என்றாள். "நம்ம முன்னோர் மீன்முள்ளுல தலை சீவினாங்கம்மா" என்று அளந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. அப்புறம் நிறுத்த முடியுமா? ஆயிரம் வார்த்தை விட்டேன்.

இப்போது நூலகத்தில் பத்தொன்பது பேர் அதைப் படிக்கிறார்கள். பல் டாக்டர் ஒருத்தர் நேற்று என்னையே மடக்கினார்: "சார், பன்மையில அப்படி வராதே!" மன்னிப்புக் கேட்டேன். பஸ் ஓட்டுநரும் தபால்காரப் பெண்ணும் இந்த மொழியிலேயே காதலித்து நிச்சயமும் செய்துகொண்டார்கள். நீ மேடையேறி "இதெல்லாம் என்னடா உளறல்?" என்று கேட்டால் அந்தக் கல்யாணம் என்ன ஆவது? எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது, அக்கா. அவர்களைத் தவிர எனக்குப் பேச ஆளில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடு. கடிகாரத்தை வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது ஆய்வுக்காரப் பெண் அச்சான அகராதியோடு வந்தாள். மேலே எழுதியதை மறந்துவிடு. போன மாதமே என் ஒலிப்பதிவைக் கேட்டு, "எல்லாம் சரி" என்று நீ கையெழுத்துப் போட்டாயாமே! அதோடு, "அவன் சின்னவன், பாதி மறந்திருப்பான்" என்று முந்நூறு வார்த்தை வேறு கொடுத்தாயாம். புரட்டிப் பார்த்தேன். ஒன்றைக்கூட நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எட்டு வருஷம் கழித்து எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய்; அழுதுவிட்டேன். உடனே புறப்பட்டு வா. விழாவுக்குள் அந்த முந்நூறையும் நான் மனப்பாடம் செய்தாக வேண்டும்.