ஒன்பது கார்களுக்கு ஒரு கதவு

மோட்டார் வாகனத்தின் ஓட்டுநர் கதவு பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது. இதை நான் சொல்லவில்லை. தலைநகர் சுவாவில் இருக்கும் போக்குவரத்துத் தலைமை அலுவலகம் சொல்கிறது. அந்தக் கதவில் துரு, ஓட்டை, ஒட்டு ஆகிய மூன்றில் எதுவும் காணப்படலாகாது என்பது விதி. விதியை எழுதியவர் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எங்கள் தீவு ஊரான லெவூக்காவில் கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இல்லை, பாதி நாள் ரோட்டிலேயே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இங்கே கார்கள் பழுதாகிச் சாவதில்லை, கரைந்து போகின்றன. அதிலும் முதலில் கரைவது ஓட்டுநர் கதவுதான். மீனோடு வீட்டுக்குப் போகிறவர்கள், காருக்குள் வைத்தால் நாறும் என்று மீன் கோத்த கொடியை ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போவார்கள். உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கதவுக்குள் இறங்கும். அபோரோசாவிடம் நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இடது கண்ணாடியில் மாட்டித் தொலை என்று. இடது பக்கம் மாட்டினால் எதிரே வருகிறவன் எப்படிப் பார்ப்பான் என்று கேட்கிறான்.

அபோரோசா டாக்ஸி ஓட்டுகிறவன். நான் குப்புசாமி, டிங்கரிங், பட்டி, பெயின்ட். தீவில் என்னை விட்டால் இந்த வேலைக்கு ஆள் இல்லை, ஆகவே கெட்டிக்காரன் என்று பெயர். தாத்தாக்கள் காலத்துப் பழக்கத்தில் நாங்கள் இருவரும் மச்சான் முறை. இங்கே மச்சான் முறை என்றால் ஒருவனை ஒருவன் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், கோபித்துக்கொள்ள மட்டும் கூடாது.

அபோரோசாவின் காரையும் சேர்த்து அதே ஜப்பான் மாடல் தீவில் மொத்தம் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தன. ஒரே கப்பலில் பழசாக வந்து இறங்கியவை. உதிரி பாகம் கேட்டுக் கம்பெனிக்கு எழுதினால், அந்த வண்டி இன்னும் ஓடுகிறதா என்று வியந்து வாழ்த்து அனுப்பினார்கள். மற்ற பாகங்களுக்குக் கவலை இல்லை. புயலுக்குப் புயல் யாராவது ஒருவருடைய கூரை என் பட்டறை வாசலுக்கு வந்து சேரும். அந்தத் தகரத்தை வெட்டி, ரிவெட் அடித்து, பட்டி பூசித் தேய்த்துவிட்டால் அலுவலகம் கண்டுகொள்ளாது. ஓட்டுநர் கதவில் மட்டும் ஒட்டுக்கு அனுமதி இல்லை.

நல்ல வேளையாக அந்த மாடலில் பத்தாவது கார் ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு தென்னை மரம் விழுந்து, எல்லாம் அப்பளமாகி, ஓட்டுநர் கதவு மட்டும் கீறல் இல்லாமல் பிழைத்தது. அந்தக் கதவை நான் பாயில் சுற்றிப் பட்டறையில் வைத்திருந்தேன். எந்தக் கார் ஆய்வுக்குப் போகிறதோ அதில் மாட்டி, அதன் நிறத்தில் பெயின்ட் அடித்து அனுப்புவேன். வந்ததும் கழற்றி வைத்துவிட்டு, தகரம் ஒட்டிய பழைய கதவையே மாட்டிவிடுவேன். இப்படி வருஷா வருஷம் ஒன்பது கார்களும் ஒரே கதவில் பாஸாகி வந்தன. பழைய இன்ஸ்பெக்டர் பெருந்தன்மையானவர். அந்தக் கதவைக் கண்டால் தொப்பியைத் தூக்கி, "சௌக்கியமா?" என்று விசாரிப்பார்.

அவர் ஓய்வு பெற்றார். சுவாவிலிருந்து லைசியாசா என்ற புது இன்ஸ்பெக்டர் வந்தார்.

அந்தக் காலத்து அதிகாரி வந்தால் திட்டுவார், அபராதம் போடுவார், கப்பல் ஏறிப் போய்விடுவார். இப்போது பயிலரங்கு நடத்தாமல் யாரும் தும்முவதுகூட இல்லை, அதுதான் நாகரிகம். லைசியாசாவும் வந்ததும் 'துருவுக்கு எதிரான மீள்திறன்: ஒரு சமூகப் பங்கேற்பு அணுகுமுறை' என்ற பயிலரங்கை நடத்தினார். தொடக்கத்தில் ஜெபம், முடிவில் ஜெபம், நடுவில் தேநீர். எல்லோருக்கும் வண்ண வண்ணக் காகிதம் கொடுத்து, துரு என்றதும் மனதில் தோன்றுவதை ஒரே சொல்லில் எழுதச் சொன்னார்கள். போதகர் 'பாவம்' என்று எழுதினார். அபோரோசாவுக்கு ஒன்றும் தோன்றாததால் ஒரு மீன் வரைந்தான். அதைப் பாராட்டிச் சுவரில் ஒட்டினார்கள்.

நான் எழுந்து, "சார், புதுக் கதவு எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்ல கேள்வி," என்றார் லைசியாசா. பலகையில் 'கதவு' என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்தை அதற்குப் பிறகு யாரும் அழிக்கவும் இல்லை, அதற்குள் எதையும் எழுதவும் இல்லை.

கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் காருக்கு ஒரு நாள் என்று தனித்தனி ஆய்வு கிடையாது. ஒரே மாடல் வண்டிகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே மைதானத்தில், வரிசையாக நிற்க வேண்டும். இதற்கு 'ஒருங்கிணைந்த தகுதி ஆய்வு' என்று பெயர். ஃபெயிலானால் மற்றவர்களுக்குக் கார் மட்டும்தான் போகும், நடந்து போய்க்கொள்ளலாம். டாக்ஸி ஒரு தடவை ஃபெயிலானால் பெர்மிட்டே ரத்து. புது பெர்மிட் தருவதை நிறுத்தி யுகமாகிறது.

மறுநாள் காலையில், ஒன்பதில் ஒரு காருக்குச் சொந்தக்காரரான போதகர், கரைத்துக் குடித்தால் கிறங்க வைக்கும் யங்கோனா வேர்க்கட்டோடு பட்டறைக்கு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறைப்படி கதவைக் கேட்டார். எங்கள் தீவில் வேரை முன்னால் வைத்து ஒருவர் ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்வது கிடையாது. கேட்கிற வழக்கத்துக்கு கெரேகெரே என்று பெயர் இருக்கிறது. மறுக்கிறதுக்குப் பெயரே இல்லை. தருகிறேன் என்றேன். போதகருக்குப் பிறகு தலைமையாசிரியர் வந்தார். நர்ஸ் வந்தார். சாயங்காலம் அபோரோசாவும் அவன் மனைவி மிலியக்கெரேயும் வந்தபோது பட்டறையில் எட்டுக் கட்டு வேர் இருந்தது.

"எட்டுப் பேருக்கும் தர்றேன்னுட்டியா?" என்றான் அபோரோசா.

"கேட்டாங்க மச்சான். வேற என்ன சொல்றது?"

"நீயெல்லாம் ஒரு மனுஷனா? உன் மண்டையில இருக்கிறது மூளையா, பட்டியா?"

"உனக்கும்தான் தர்றேங்கிறேன். வேரை வை."

அவன் வேரை வைத்தான், முறைப்படி கேட்டான், நானும் முறைப்படி தருவதாகச் சொன்னேன். அதன்பின் தலையில் கை வைத்துக்கொண்டான். "பெர்மிட் போச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்? எனக்கு மீன் பிடிக்கக்கூடத் தெரியாது. கண்ணாடியில மாட்டிக்கிட்டுப் போறதெல்லாம் கடையில வாங்கினது." இதை அவன் மனைவி அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் அவன் மீனைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன்.

மிலியக்கெரே மீன் விஷயத்தை அப்புறம் கவனிப்பதாக ஒத்திப்போட்டுவிட்டு, "அந்த இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதானே? மரியாதை தெரிஞ்சவர்தானே?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன?"

"யங்கோனாவுக்கு உட்கார வெச்சா, சட்டியைப் பார்த்துத்தானே உட்காரணும்? முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கலாமா?"

"பார்க்கக் கூடாது."

"அவர் முதுகுக்குப் பின்னால ஒரு கதவு நடந்து போனா?"

இப்படிப்பட்டவள் வீட்டில் இருக்க, அபோரோசா கடை மீனை வைத்து எப்படி இத்தனை வருஷம் ஏமாற்றினான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒன்பது கார்களுக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கு வந்திருந்த பச்சைப் பெயின்டை அடித்தேன், கதவுக்கும் அதையே. மைதானத்தில் அதிகாரியைக் கௌரவிக்கும் விதமாக ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகத் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டோம். ஒரு கொட்டகையிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியாது. ஒன்பது பழைய கதவுகளும் மைதானத்துக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டத்தில் படுத்திருந்தன.

ஒவ்வொரு காரும் ஒவ்வொரு ஊரைச் சேர்ந்தது என்பதால், ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக வரவேற்க வேண்டியதாயிற்று. லைசியாசா பாயில் உட்காருவார். யங்கோனா கரைக்கப்படும். ஊர்ப் பெரியவர் பேசுவார். சிரட்டை வரும், ஒரு தடவை கை தட்டிக் குடித்து, மூன்று தடவை தட்டுவார். இதற்குள் அபோரோசாவும் நானும் அவர் முதுகுக்குப் பின்னால் கதவைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த காரில் மாட்டிவிடுவோம். ஸ்பானர் சத்தம் கேட்கும்போதெல்லாம் மிலியக்கெரேயின் சபைக் குழுவினர் பாட்டை உரக்கப் பாடினார்கள்.

"இந்த ஊர் மரியாதையே தனி," என்றார் லைசியாசா மூன்றாவது காரில்.

"கதவுகளை அருமையாப் பராமரிச்சிருக்கீங்க," என்றார் ஐந்தாவதில்.

ஏழாவதில் அவருக்கு உதடு மரத்துவிட்டது. கதவைத் தடவிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எட்டாவது கார் அபோரோசாவுடையதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைசி நேரத்தில் போதகர் வந்து அவன் முறையைக் கேட்டுவிட்டார். கேட்டால் என்ன செய்வது? கொடுத்துவிட்டு அபோரோசா ஒன்பதாவதாக நின்றான்.

ஒன்பதாவது காருக்கு லைசியாசா நடந்து வந்தபோது அவருக்குக் கொஞ்சம் சாய்ந்துகொண்டால் தேவலை போலிருந்தது. கதவில் முழங்கையை ஊன்றினார். முழங்கை உள்ளே போய்விட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பில் பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை, மறுபடி நீலம் என்று பெயின்ட் மட்டும் அடுக்கடுக்காகத் தெரிந்தது. தகரம் எப்போதோ துருவாகிக் கொட்டியிருந்தது. இத்தனை வருஷமாக ஒன்பது கார்களுக்கும் தகுதிச் சான்று வாங்கித் தந்தது கதவு இல்லை, நான் அடித்த பெயின்ட். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

லைசியாசாவுக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. "மத்த கதவுகளையும் தட்டிப் பார்க்கணும்," என்று திரும்பிப் போய் எட்டுக் கொட்டகைகளுக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எட்டு வண்டிக்கும் கதவு எங்கே?"

"பார்த்தீங்களே சார்," என்றேன்.

"பார்த்தேன்."

"பாஸ் போட்டீங்களே."

"போட்டேன்."

"அப்ப இருக்கு சார்."

கதவு இல்லை என்று எழுதினால், இல்லாத கதவுகளுக்கு எட்டுச் சான்று கொடுத்தவர் யார் என்ற கேள்வி வரும். அதற்குச் சுவாவில் தனியாக ஒரு பயிலரங்கு நடக்கும். "சரி, எட்டும் பாஸ்," என்றார் மெதுவாக. "இந்த டாக்ஸி ஃபெயில். இதுல ஓட்டை இருக்கு."

அபோரோசா உட்கார்ந்துவிட்டான். "சார், கதவோட இருக்கிற ஒரே வண்டி இதுதான் சார்."

"அதான் பிரச்சினை," என்றார் லைசியாசா. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

மிலியக்கெரே முன்னால் வந்தாள். "விதி என்ன சொல்லுது சார்?"

"கதவில் துரு, ஓட்டை, ஒட்டு எதுவும் காணப்படலாகாது."

"மச்சான், ஸ்பானரைக் கொடு," என்றான் அபோரோசா. ஜன்மத்தில் அவன் ஒரு விஷயத்தை உடனே புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். கதவைக் கழற்றிக் கீழே வைத்தோம். "இப்ப ஏதாவது காணப்படுதா சார்?"

லைசியாசா கதவு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துரு காணப்படவில்லை. ஓட்டை காணப்படவில்லை. ஒட்டு காணப்படவில்லை. டாக்ஸி பாஸாயிற்று. மிலியக்கெரே அழுதாள், அபோரோசா அழுதான், சபைக் குழு ஜெபம் செய்தது, லைசியாசா கப்பலைப் பிடிக்க ஓடினார்.

லெவூக்காவில் ஓட்டுநர் கதவுத் துரு நூற்றுக்கு நூறு ஒழிக்கப்பட்டது என்று அவர் அறிக்கை கொடுத்தார். சுவா அசந்துவிட்டது. வேறெந்த ஊரிலும் இப்படி நடந்ததில்லை. 'லெவூக்கா முறை' என்று அதற்குப் பெயர் வைத்து, அதற்கென ஒரு மாநாடு நடத்தி, நாடு முழுவதும் சுற்றறிக்கை அனுப்பினார்கள்: ஓட்டுநர் கதவு அகற்றப்பட வேண்டும். சுவாவின் பெரிய மனிதர்கள் புதுக் காரை வாங்கிய கையோடு கதவைக் கழற்றி, ஒரு கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். கதவு வைத்திருப்பவர்களைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள்.

கழற்றிய கதவுகளைக் கொட்ட இடமில்லாமல் கப்பலில் ஏற்றி எங்கள் தீவுக்கு அனுப்பினார்கள். என் பட்டறையில் இப்போது துருப் படாத கதவுகள் கூரை வரைக்கும் நிற்கின்றன. எங்கள் மாடலுக்குப் பொருந்தக் கொஞ்சம் தட்டினால் போதும். ஒன்பது காருக்கும் ஒன்பது நல்ல கதவு மாட்டிவிட்டேன். மழையில் நனையாமல், பயமில்லாமல் எல்லோரும் ஓட்டுகிறார்கள். அபோரோசா கடை மீனை வலது கண்ணாடியிலேயே மாட்டிக்கொண்டு போகிறான். மிலியக்கெரே பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாள். ஆய்வு நாள் வந்தால் மட்டும் ஒன்பதையும் கழற்றிப் பாயில் சுற்றி ஒளித்து வைக்கிறோம். முன்பு இல்லாத கதவைக் காட்டப் பாடுபட்டோம். இப்போது இருக்கிற கதவை மறைக்கப் பாடுபடுகிறோம்.

அடுத்த ஆய்வு காரின் தரைத் தகட்டைப் பற்றியது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. துரு, ஓட்டை, ஒட்டு எதுவும் காணப்படலாகாதாம். அபோரோசா போன வாரம் ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் வாங்கினான்.