சாத்தான் பாறையில் வாங்கிய அறை

வடகடல் கரையில் மகள் வீட்டில் உப்புக்காற்று வாங்கிக்கொண்டிருக்கும் என் சித்தப்பா மகன் வெண்டெலுக்கு, ரோன் மலை ஹாசல்ரோட்டிலிருந்து அண்ணன் யோஸ்ட் அன்போடு சொல்லி எழுதுவித்தது.

இங்கே நானும் உன் அண்ணியும் ஆடுகளும் நலம். அங்கே நீயும் மகளும் மருமகனும் அதேபோல் இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும். உங்கள் பக்கம் நிலமெல்லாம் சாப்பாட்டு மேசை மாதிரி கிடக்கிறதாமே, விருந்தாளி தன் வீட்டில் புறப்படுவதே இங்கிருந்து தெரிகிறது என்று போன தடவை எழுதியிருந்தாய். நம் மலை மூடுபனியில் விருந்தாளி வந்து கதவில் நெற்றியை இடித்துக்கொண்டால்தான் வந்திருக்கிறார் என்று தெரியும். இருந்தாலும் மனிதன் வாழ்கிற இடம் இதுதான். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததே, பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் ஆட்டுக்குப் பின்னால் போனவன். அதனால் இதை எழுதுகிறவள் உன் அண்ணி ஹெட்விக். அவள் ஐலன்பாக் ஊர்க்காரி என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு படி. இந்த வரியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டாள். இன்றைக்குக் காப்பி பிரமாதம் என்று நான் சொன்ன பிறகுதான் மறுபடி எழுதுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சாத்தான் பாறை நம் கையை விட்டுப் போகப் பார்க்கிறது. தடுக்கக்கூடிய ஆள் பூமியில் நீ ஒருத்தன்தான்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து லிண்ட்னர் என்று ஒரு அம்மாள் வந்திருக்கிறாள். படித்தவள், நல்ல பூட்ஸ் போட்டவள். இந்த மலையில் எங்கெங்கே சாத்தான் உட்கார்ந்தான், எங்கெங்கே ராட்சசன் தடுக்கி விழுந்தான், எந்தச் சதுப்பில் எந்த ஊர் ஆட்டம் போட்டு மூழ்கியது என்று ஒவ்வொரு இடத்திலும் பலகை நட்டு, பட்டணத்து ஆட்களை பஸ்ஸில் கொண்டுவந்து நடக்க விடப்போகிறார்களாம். சாத்தான் பாறைக்கும் பலகை எழுதியாகிவிட்டது. கதை எல்லாம் எழுதி, ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஹாசல்ரோட் என்று வருமா ஐலன்பாக் என்று வருமா என்பதுதான் இப்போது இரண்டு ஊரிலும் சோறு தண்ணீர் இறங்காமல் பேசுகிற பேச்சு.

வரைபடத்தைப் பார்த்தால் தெரியாதா என்று நீ கேட்பாய். பார்த்தார்கள். மடத்து அதிபதி காலத்துப் படம் பாறை அவர்களுக்கு என்கிறது, நம் பிரபு காலத்துப் படம் நமக்கு என்கிறது. பிற்காலத்து அரசாங்கப் படத்தில் எல்லைக்கோட்டை எவனோ மொத்தப் பேனாவால் இழுத்துவிட்டான், பாறை முழுவதும் மைக்கு அடியில் இருக்கிறது. கதையைக் கேட்டுத் தீர்க்கலாம் என்று லிண்ட்னர் அம்மாள் நினைத்தாள், பாவம். நம் கதை உனக்குத் தெரியும். நம் பாதிரியாரின் பிரசங்கம் நீளம் தாங்காமல் தூக்கம் கெட்ட சாத்தான், கோயிலை நசுக்குவதற்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான், வழியில் மணி அடித்துவிட்டது, போட்டுவிட்டு ஓடினான். ஐலன்பாக்காரன் என்ன சொல்கிறான் தெரியுமா. கல் அவர்கள் கோயிலுக்குக் கொண்டுவந்ததாம். நம் ஊர்த்தலைவர் எர்வின் அந்த அம்மாளிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "அம்மா, சாத்தான் எதுக்கு ஐலன்பாக் மேல கல்லு போடப்போறான்? சொந்த வீட்டு மேல எவனாவது கல்லு போடுவானா?" அதற்கு அவர்கள் தலைவர், "சுவீடன்காரன் இந்த மலையக் கொள்ளையடிக்க வந்தப்ப எங்க ஊருல ஆறு மாசம் தங்கினான். உங்க ஊருல ஒரு ராத்திரி கூடத் தங்கல. எடுக்க ஒண்ணும் இல்ல, சாப்பிட அதைவிட இல்ல" என்றார். அந்த அம்மாள் இதையும் குறித்துக்கொண்டாள்.

கடைசியில் எல்லை நடைதான் தீர்ப்பு என்று முடிவாயிற்று. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நடை இந்தப் புரட்டாசி வாக்கில், உருளைக்கிழங்கு தோண்டி முடிந்ததும் வருகிறது. உனக்கு முறை மறந்திருக்காது, கடற்கரையில் இருந்து இருந்து மறந்திருந்தாலும் சொல்கிறேன். ஊர் நிலம் வலது கைப்பக்கம் இருக்கும்படி சுற்றி நடக்கிறோம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பையனை நிறுத்தி, சாகும்வரை மறக்காதபடி வலது கன்னத்தில் ஒன்று வைக்கிறோம், கல் நம்முடையது என்று அர்த்தம். பக்கத்து ஊரின் ஆள் ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு ஆட்சேபணை இருந்தால் அங்கேயே, அந்த நிமிஷமே, அதே பையனின் இடது கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும். வைக்காமல் போனால் ஒப்புக்கொண்டான் என்று பொருள். சாத்தான் பாறையில் கடைசியாக அறை வாங்கிய பையன் நான். அதற்கு அடுத்த நடையில் அங்கே கைகலப்பாகி, அதிலிருந்து இரண்டு ஊரும் அந்தப் பாறைப் பக்கமே போவதில்லை, கீழே ஓடைக்கரையோடு சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆகவே பாறை யாருடையது என்பது இன்றைக்கு என் கன்னத்தில் இருக்கிறது.

நம் கொல்லன் பால்தசார் வலது கன்னத்தில் அறைந்ததை ஐலன்பாக்காரனே மறுக்கவில்லை. அந்தக் கையை யாரால் மறுக்க முடியும், குதிரையே பயப்படும். வழக்கு இடது கன்னத்தில்தான். அன்றைக்கு அவர்கள் பக்கம் நின்ற ஆள் வேறு யாருமில்லை, பிற்பாடு எனக்கு மாமனார் ஆன மனுஷன், ஹெட்விக்கின் அப்பா. அவர் கையைத் தூக்கவே இல்லை. பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு சும்மா நின்றார். ஆனால் அவர் மகன், என் மச்சான் கிலியான் இருக்கிறானே, இப்போது ஐலன்பாக்கின் சாட்சியாக வந்து நின்று, எங்கப்பா இடது கன்னத்தில் அறைந்தார், அறைந்த கை அன்று இரவு முழுவதும் வலித்தது என்று என்னிடமே சொன்னார் என்கிறான்.

போன வாரம் எல்லோரும் பாறையில் கூடினோம். மூடுபனி இறங்கியிருக்கிறது, பாறை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, இரண்டு ஊர்த் தலைவர்களும் ஒரு பீச் மரத்தையே பாறை என்று நினைத்து அதைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டுத்தான் பாறைக்கே வந்து சேர்ந்தார்கள். நான் என் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து காட்டினேன்.

"இதப் பாருங்கம்மா. வலது பக்கத்துப் பல்லு. பால்தசார் வச்ச அறையில ஆடி, வீட்டுக்குப் போறதுக்குள்ள கையில வந்துடுச்சு. இடது பக்கம் அறை விழுந்திருந்தா அந்தப் பக்கப் பல்லும் டப்பாவுல இருக்கணுமா இல்லையா?"

லிண்ட்னர் அம்மாள் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரியவரே, இது வலது பக்கத்துப் பல்லுதான்னு எப்படித் தெரியும்? வாயக் காட்டுங்க, எங்க ஓட்டை இருக்குன்னு பாக்கலாம்."

காட்டினேன். ஒரு பக்கமும் பல் இல்லை. கிலியான் சிரித்த சிரிப்பில் பனியே கொஞ்சம் விலகியது.

"மாப்ளே, உன் கணக்குப்படி பாத்தா எங்கப்பா உன்ன எல்லாப் பக்கமும் அறைஞ்சிருக்காரு."

"மச்சான், உங்கப்பா அறையிற ஆளா? உங்கம்மா அறையாம விட்டா போதும்னு இருந்த மனுஷன்."

இதைச் சொன்னது ஹெட்விக் இல்லாத இடத்தில். இப்போது எழுதுகிறபோதுதான் அவளுக்குத் தெரிகிறது. உருளைக்கிழங்கு உருண்டை இந்த ஞாயிற்றுக்கிழமை கிடையாதாம்.

அங்கே நின்ற கால்நடை வைத்தியரிடம் பல்லைக் கொடுத்தார்கள். அவர் வெகு நேரம் பார்த்தார், மீசைக்குள் என்னவோ சிரித்துக்கொண்டார். "பல்லுதான். அது வரைக்கும் சத்தியம் பண்ணுவேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் லிண்ட்னர் அம்மாள் கேட்டாள், அந்த நாளில் அங்கே நின்றவர்களில் வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று. இருக்கிறான் அம்மா, என்றேன். எனக்குப் பின்னால் அடுத்த கல்லுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்த என் தம்பி வெண்டெல் இருக்கிறான், அடுத்த அறை தனக்கு என்பதால் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன், ஊரை விட்டுப் போனவன் என்பதால் இப்போது யார் பக்கமும் இல்லாதவன். "அவரு வந்து சொன்னா எழுதிடறேன்" என்றாள். கிலியான் உடனே, "அவன் என்னத்தப் பாத்திருப்பான்? அன்னிக்கு ஒரே மூடுபனி" என்று ஒரு போடு போட்டான்.

பச்சைப் பொய். வெண்டெல், அன்றைக்கு வெயில். கண்ணாடி மாதிரி வெயில். மூன்று மாவட்டம் தெரிந்தது. பால்தசார் கையை ஓங்கியபோது அவர் முழங்கையில் இருந்த தீக்காயத்தைக்கூட நான் பார்த்தேன், பீச் இலை வடிவம். ஐலன்பாக் கோயில் கோபுரத்து உச்சித் தகரச் சேவலுக்கு வால் உடைந்திருந்தது தெரிந்தது. கறுப்புத்தலை ஆடு ஒன்று நம் பாதிரியாரின் தொப்பியைத் தின்றுகொண்டிருந்ததை நீதான் எனக்குக் காட்டினாய், அறைக்குச் சற்று முன்னால், அதைப் பார்த்துச் சிரித்த வாயில்தான் அறை விழுந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு பனி என்று ஒருத்தன் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா.

உனக்கு இது ஒரு பலகை. எனக்கு அப்படி இல்லை. எல்லை நடையில் கல்லைத் தோண்டிக் காட்டுகிற கொத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முதலில் நடக்கிறவன் நான். எழுத்துக்கு வசப்படாத தலை எனக்கு, அதனால் கல் எல்லாம் அதிலேயே இருக்கிறது. புதரை விலக்காமலே இங்கே கல் இருக்கிறது என்று நான் சொல்லுவேன், கொத்திப் பார்த்தால் இருக்கும். படித்த வாத்தியார்கூட எனக்குப் பின்னால்தான் வரவேண்டும். எர்வின் நேற்று வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல், "யோஸ்ட், பாறை போச்சுன்னா சனங்க என்ன சொல்லும்னு யோசிச்சுக்க. அந்தக் கொத்த வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும். நீ பின்னால பீர் வண்டியோட வரலாம், கால் வலிக்காது" என்றார். பீர் வண்டியோடு. கால் வலிக்காதாம். பால்தசாரிடம் வலது கன்னம் கொடுத்தவனுக்கு இதுதானா மரியாதை.

ஆகவே தம்பி, ரயில் ஏறு. எல்லை நடை அன்றைக்கு இரண்டு ஊர் முன்னாலும் நின்று மூன்று வார்த்தை சொல். வெயில் அடித்தது. வலது கன்னத்தில் விழுந்தது. இடது கன்னத்தில் விழவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், ஆடு தொப்பி தின்றதைச் சொல்லிவிடாதே, பாதிரியார் குடும்பம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. வீட்டில் மாடி அறை காலி, சீரகச் சாராயம் இருக்கிறது, பிளம்ஸ் கேக்கை ஹெட்விக் செய்வாள், ஐலன்பாக்காரி என்றாலும் அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. அவளே ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்கிறாள்: "எங்கப்பா நெஜமாவே அறைஞ்சிருந்தா இவரு இன்னிக்கு உக்காந்து லெட்டர் சொல்லிட்டிருக்க மாட்டாரு." ஐலன்பாக்காரி வாயாலேயே வந்துவிட்டது பார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

உன் மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். கடல் உன் வாசல் வரைக்கும் வராமல் இருக்கட்டும், வந்தாலும் மேலே ஏற ஒரு மலை உனக்கு இங்கே இருக்கிறது என்பதை மறக்காதே.

அண்ணன்,
யோஸ்ட்
(ஆட்டுக் காதில் போடுகிற அடையாளத்தையே இங்கும் போட்டிருக்கிறேன்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சமாச்சாரம். லிண்ட்னர் அம்மாள் இன்று காலை ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தாள். பலகை நடுவதற்கு முன்னால் பாறையைத் தட்டிப் பார்ப்பது வழக்கமாம். தட்டினான், சுற்றி வந்தான், இரண்டாம் தரம் தட்டாமல் தள்ளி நின்றுகொண்டான். பாறை நடுவில் விரிசலாம். கீழே பாதை மேல் எப்போது வேண்டுமானாலும் உருளுமாம். எந்த ஊருடைய பாறையோ அந்த ஊர்தான் இரும்புக் கம்பி போட்டுக் கட்டி, வலை விரித்து, காலாகாலத்துக்கும் காவல் காக்க வேண்டுமாம். நம் ஊர்க் கோயில் கூரை ஒழுகுவதையே நாம் ஆண்டவன் சித்தம் என்று விட்டிருப்பது உனக்குத் தெரியும்.

கேட்ட அந்த நொடியே என் இடது கன்னம் சுரீர் என்றது. இத்தனை வருஷம் கழித்து, நினைவு எப்படி வருகிறது பார். மாமனார் அறைந்தார் வெண்டெல், நன்றாகவே அறைந்தார், நம் ஆட்கள் வாயைத் திறக்காமல் ஒப்புக்கொண்டார்கள். இதைச் சத்தமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் கிலியான் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு, "எங்கப்பா ஒரு ஈயக்கூட அடிச்சதில்லம்மா. இந்த மாப்ளே சொன்னதுதான் சத்தியம். பாறை ஹாசல்ரோட்டுக்குத்தான், வாழ்த்துகள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். கால்நடை வைத்தியரும் இன்றைக்கு வாயைத் திறந்தார், டப்பாவில் இருப்பது ஆட்டுக் கிடாவின் பல்லாம். நம் பக்கத்துச் சாட்சி ஒழிந்தது என்று எர்வின் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இடது கன்னம் மட்டும் உறுதியாக இருந்தால் கொத்து சாகும்வரை என் தோளில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். என் ஞாபகசக்தியின் மேல் பஞ்சாயத்துக்கு இவ்வளவு மதிப்பு இதற்கு முன் இருந்ததில்லை.

இப்போது இரண்டு ஊரும் உன்னைத்தான் எதிர்பார்க்கிறது. லிண்ட்னர் அம்மாளே ரயில் நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவாளாம். நீ வா, கேக் தின்னு, சாராயம் குடி. ஆனால் பாறையில் நிறுத்திக் கேட்டால், இடது வலது என்று எதுவும் வேண்டாம், அன்றைக்கு மூடுபனி என்று மட்டும் சொல். இந்த மலையில் அதை மறுத்துப் பேச ஒருத்தனுக்கும் வாய் வராது.