மேனேஜர் கை தூக்கிய மத்தியானம்

எங்கள் பிளஸ்மைனஸ் அண்ணனைப் போன்ற பிடிவாதக்காரர் சிங்கப்பூரில் அவருக்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் பிறக்கவில்லை. எண்பதுகளில் ரேடியோக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் டெக்னீஷியன், நான் டைப்பிஸ்ட்.

ஒரே அலைவரிசையில் பலர் ஒரே நேரத்தில் பேச வேண்டும். அதற்காக ஆளுக்கொரு பிளஸ், மைனஸ் வரிசை. இருவரின் வரிசை ஒத்துப்போனால் பேச்சு கலந்துவிடும். எந்த வகை வரிசை நல்லது என்று சோதிப்பதுதான் அண்ணனின் வேலை. கறுப்பு, வெள்ளை மணிகளைக் கோத்து, ஒரு சரத்தின் பக்கத்தில் இன்னொன்றை பிளஸ், மைனஸ் என்று முணுமுணுத்தபடி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். தோ பாயோ பஸ்ஸிலும் இதே முணுமுணுப்பு. ஜெபமாலை சொல்கிறார் என்று நம்பி, சர்ச்சில் அவரை ஜெபக்குழுத் தலைவராக்கிவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

மேனேஜர் சிவபாலன் யாழ்ப்பாணத்துக்காரர். காகிதத்தில் குறுக்கீடு பூச்சியம் என்று காட்டும் வகைதான் அவருக்குப் பிடித்தது. அன்று அதற்கு அவர் கையெழுத்துப் போட்டால், வேறொரு வகையைத் தேர்ந்து வைத்திருந்த அண்ணனின் இரண்டு வருட உழைப்பு குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

"சார், ஒருத்தர் ஒரு குறி லேட்டா ஆரம்பிச்சா எல்லாம் போச்சு லா!"

"பூச்சியம் எண்டா பூச்சியம்தான். பிறகென்ன கதை?"

அண்ணன் விடவில்லை. மேனேஜர் சாப்பிடப் போன சிராங்கூன் ரோடு கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"நான் மேசையத் தட்டுறேன். பிளஸ்னா கையத் தூக்குங்க, மைனஸ்னா இறக்குங்க."

எனக்குத் தூக்கு, தூக்கு, இறக்கு, இறக்கு. மேனேஜருக்குத் தூக்கு, இறக்கு, இறக்கு, தூக்கு. ஒரு தட்டுக்கு ஒத்துப்போனோம், அடுத்த தட்டுக்கு முரண்பட்டோம். ஒத்ததும் முரண்பட்டதும் சரிக்குச் சரி, கூட்டினால் பூச்சியம். மேனேஜர் மீசைக்குள் சிரித்தார்.

"இன்னொரு தடவ சார்!"

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு தட்டு தாமதமாக ஆரம்பித்தார். அவ்வளவுதான். என் கை ஏறினால் அவர் கையும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. பரிமாறுகிறவர் ஓடிவந்தார்.

"ரெண்டு பேருக்கும் என்ன வேணும்?"

"பாத்தீங்களா சார்? இப்ப நீங்க பேசுறதும் தங்கச்சி பேசுறதும் ஒண்ணாக் கலந்துரும்."

மேனேஜர் தன் கையையே வெறித்துப் பார்த்தார். "அப்ப எதைப் போடச் சொல்லுறீர்?"

"நான் சொல்ற வகைல எல்லாரும் எல்லாருக்கும் கொஞ்சம் தொந்தரவு குடுப்பாங்க. ஆனா யாரு லேட்டா வந்தாலும் பேச்சு கேக்கும்."

"அஞ்சு மணிக்குள்ள றிப்போட்டை மாத்தித் தாரும். கையெழுத்துப் போடுறன்."

அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து என்னைப் பார்த்தார். அந்தப் பிளஸ்களையும் மைனஸ்களையும் டைப் அடித்தடித்து இரண்டு வருடமாக அவரைச் சபித்தவள் நான். அன்று ஐந்து மணிக்குள் ரிப்போர்ட்டின் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து அடித்தேன். ஒரு குறிகூடத் தப்பாக விழவில்லை. அவருக்காக விழவிடவில்லை.