ரோட்டு மட்டத்து வீடு

"செத்தாலும் மாடி வீட்டுல கால் வைக்க மாட்டேன்!"

அப்பா சபதம் எடுத்தார். கண்டி மாநகர சபையில் எல்லாரையும் மிரட்டும் கிளாக்கர் சின்னமுத்துவுக்கு உயரம் என்றால் உயிரே போய்விடும். வீட்டில் பல்பு மாற்றக் கதிரையில் ஏறுவது அம்மாதான். அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

கட்டுக்கலையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டப் போகிறார்கள். மூன்று மாதத்தில் வெளியேற வேண்டும். அம்மா அம்பிட்டிய மலைச்சரிவில் எழும்பியிருந்த பத்து மாடிக் கட்டடத்தின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

"எட்டாம் மாடிங்க. பல்கனியில நின்னா பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம்."

"எனக்கு எமலோகமே தெரியும், குமாரி. லிப்ட் அறுந்தா?"

"படியில ஏறுங்க."

"மண் சரிஞ்சா?"

"இறங்கிருங்க."

அன்றிலிருந்து அப்பா கட்டிலை விட்டுப் பாயில் படுத்தார். கனவில் விழுந்தாலும் அடிபடாதாம்.

மூன்றாம் நாள் என்னை ஆபீசுக்கே கூப்பிட்டார். என் தொண்டைக்குள் பாதிக் கண்டி குடியிருக்கிறது. ஸ்கூல் பிரின்சிபல், பேராதனை பஸ் கண்டக்டர், வீட்டுத் தரகர் ஹலீம் நானா, யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

"மக, ஹலீம் குரல்ல அம்மாவுக்கு ஒரு கோல் எடு. அப்பா உசிரு உன் வாயிலதான் இருக்கு."

ஆபீஸ் போனில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

"அக்கா, மேல் மாடியெல்லாம் முடிஞ்சி. ரோட்டு மட்டத்தில ஒன்டுதான் ஈக்கிது. லிப்டும் வாணாம், படியும் வாணாம். ரோட்டால நேரா உள்ளுக்கு!"

மறுமுனையில் ஒரு கோப்பை கிணுங்கியது. பிறகு அம்மா, சீனிப் பாணியாய் இனித்தாள்.

"சரிங்க நானா. அதையே எடுத்துருவோம்."

அப்பா எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

கையெழுத்து வைக்கும் நாள்தான் அப்பா அந்தக் கட்டடத்தை முதன்முதலாக நேரில் பார்த்தார். ரோட்டோரம் மூன்று மாடிகள்தான் தெரிந்தன. வாசலும் ரோடும் ஒரே மட்டம். ஹலீம் நானா வழிகாட்ட, அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே நடந்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் வைத்தார். பேனாவை மூடும்போதுதான் சந்தேகம் வந்தது.

"படத்துல பத்து மாடி இருந்துச்சே. மிச்சம் எங்க?"

"வாங்க, காட்டுறேன்."

அம்மா பல்கனிக் கதவைத் திறந்தாள்.

அப்பாவின் காலுக்கடியில் ஏழு மாடிகள் சரிவில் இறங்கிக்கொண்டே போயின. அவற்றுக்கும் கீழே பள்ளத்தாக்கில் பஸ்கள் பிஸ்கட் அளவில் ஊர்ந்தன. அப்பா கம்பியைப் பிடித்தார்.

"கு... குமாரி, இது எத்தனையாம் மாடி?"

"எட்டு. ரோடு மலைக்கு மேல போகுதுல்ல? நீங்க ஆசைப்பட்ட ரோட்டு மட்டந்தான். ஒரு படி ஏறினீங்களா?"

அப்பா பல்லியாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு என்னை முறைத்தார். நான் ஹலீம் நானாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அந்த முதுகு சிரிப்பில் குலுங்கியது.

"புள்ள, ஒங்கட கோல் வந்த நேரம் நான் ஒங்கட ஊட்டுலதான் ஈந்த. கையில அம்மா தந்த பிளேன்டீ. என்ட குரல நானே கேட்டுட்டு ஈந்தன்!"

அப்பா கண்ணை இறுக மூடினார். திடீரென்று பின்னாலிருந்து அவர் குரலே அதட்டியது:

"செத்தாலும் மாடி வீட்டுல கால் வைக்க மாட்டேன்!"

திரும்பிப் பார்த்தேன். பேசியது அம்மா.