சீர் ஊஞ்சலும் தும்பிக்கை இல்லாத யானையும்

எனக்கு யார் மீதும் சட்டென்று நம்பிக்கை வராது. தேங்காய் வாங்கினால் கடைக்காரர் தட்டிக் காட்டிய பிறகு நானும் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். (என்ன சத்தம் வரவேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது வேறு விஷயம்.) இப்படி ஊரையே சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஆளை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த ஆள், என் மனைவி கௌசல்யாவின் தாய்மாமன் கந்தசாமி மாமா. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுபவர். அப்பா இல்லாத கௌசல்யாவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு தேக்கு ஊஞ்சலைச் சீராகக் கொண்டுவந்து, மண்டபத்தில் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி, சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்படி அறிவித்தார்.

"ஆனைமலைத் தேக்குங்க! ஆசாரிய ஊட்லயே உக்கார வெச்சு, என்ர கண்ணு முன்னால அடிச்சதுங்க. என்ர அம்மணிக்குன்னே செஞ்சது!"

அன்று மாப்பிள்ளையான என்னைவிட அந்த ஊஞ்சலைப் போட்டோ எடுத்தவர்கள்தான் அதிகம்.

கல்யாணம் முடிந்ததும்தான் சிக்கல் ஆரம்பித்தது. நாங்கள் இருந்தது வாடகை வீடு. கூரையில் கொக்கி மாட்டக்கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பலகை ஹாலில் சுவரோரம் சாய்ந்து நின்றது. பூ வேலைப்பாடு வைத்த சங்கிலி கட்டிலுக்கு அடியில் சாக்கு மூட்டையில் கிடந்தது. இரண்டு வருஷத்தில் அந்த ஊஞ்சலில் ஒருவரும் ஆடவில்லை. அதில் கால் விரலை இடித்துக்கொண்டு நான் ஒற்றைக் காலில் ஆடியதோடு சரி.

"வித்துப்போடலாமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வித்துப்போடுங்க. ஆனா மாமாவுக்கு மட்டும் தெரிஞ்சுது, அவரு மூஞ்சியில நான் எப்படிங்க முழிப்பேன்? சீர வித்துப்போட்டான்னு ஊர்ல பேசுனா, அவரு அப்படியே ஒடஞ்சு போயிருவாரு" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் 'ரமேஷ்' என்று பொய்ப் பெயரில் விளம்பரம் போட்டேன். எங்கள் வீடு என்று தெரியாமலிருக்கப் பின்னால் ஒரு போர்வையைக் கட்டி, பலகையையும் சங்கிலியையும் படம் எடுத்தேன். ஒருவர் பொருளைப் பார்க்காமலேயே பணம் அனுப்புகிறேன் என்றார். பிளாக் செய்தேன். இன்னொருவர் கௌசல்யா போனை எடுத்தபோது மட்டும் பேசினார். அவரையும் பிளாக் செய்தேன். பிறகு உக்கடத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். நல்ல பணிவான குரல். நான் சொன்ன விலைக்கு உடனே சரி என்றார். பேரம் பேசாத கோயமுத்தூர்க்காரரா? அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். விற்றால் போதும் என்ற ஆசையில் முகவரியைக் கொடுத்துத் தொலைத்தேன்.

"நாளைக்குக் காலையில வாரேனுங்க. அப்புறம் ஒரு சின்ன விசயமுங்க. பலகையத் திருப்பி அடியில கொஞ்சம் பாருங்க. ஒரு யானைப் படம் கீறியிருக்குதுங்களா? அதுக்குத் தும்பிக்கை இருக்காது."

நானும் கௌசல்யாவும் பலகையைத் திருப்பினோம். யானை இருந்தது. தும்பிக்கை இல்லை. காது பெருத்த பன்றி மாதிரி எங்களைப் பார்த்தது.

போனைக் கட் செய்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பலகையின் அடிப்பக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

"இது திருட்டுக் கும்பலோட குறி அம்மணி. நாம இல்லாதப்ப ஊட்டுக்குள்ள பூந்து கீறி வெச்சிருக்கானுக."

"குறி போடறவன் கேட்டுல போடாம, ஊஞ்சலுக்கு அடியில எதுக்குங்க போடறான்?"

பதில் இல்லாதபோது நான் வழக்கமாகச் செய்வது, குரலை உயர்த்துவது. அதைச் செய்துவிட்டு, அவளுடைய நகைகளை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே மகா புத்திசாலித்தனமான யோசனை ஒன்று உதித்தது. மாமாவையே காவலுக்குக் கூப்பிட்டால்? திருடனையும் பிடித்த மாதிரி இருக்கும், சீரைக் காப்பாற்றிய மாப்பிள்ளை என்ற பெயரும் கிடைக்கும்!

"அந்தாளு விளம்பரத்தப் பாத்து வந்தேன்னு சொல்லிப்போட்டா?" என்றாள் கௌசல்யா.

"திருடன் சொல்றத மாமா நம்புவாரா?"

மாமாவுக்குப் போன் போட்டேன். "நீங்க குடுத்த ஊஞ்சல ஒருத்தன் நோட்டம் உடறானுங்க மாமா."

"என்ர சீரையா? ஆரு அவன்? இருங்க மாப்ளே, வாரேன்!"

விடிந்ததும் விடியாததுமாகக் கையில் தடியோடு வந்து எங்கள் படுக்கையறையில் பதுங்கினார் மாமா. சிறிது நேரத்தில் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. வெள்ளைச் சட்டைப் பெரியவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். (டெம்போவா! வீட்டையே துடைத்து எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள்.) உள்ளே விட்டு, கதவுக்குத் தாழ் போட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டேன்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா, டீ சாப்பிடறீங்களா?" என்றாள் கௌசல்யா.

நான் முறைத்தேன். "ஆரா இருந்தா என்னங்க, ஊட்டுக்கு வந்துட்டாங்கள்ல" என்று கிசுகிசுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியவர் காப்பியை வாயில் வைக்கும்வரை பொறுத்திருந்து விசாரணையைத் தொடங்கினேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க திருட வந்தீங்களாங்க?"

அவருக்குப் புரை ஏறிவிட்டது. "என்னங்க?"

"இல்லீங்க, அந்த யானை உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

அதற்குள் பொறுமை இழந்த மாமா தடியோடு பாய்ந்து வந்தார். "ஆருடா அவன், என்ர சீர்ல கை வெக்கற..." அதோடு சரி. வாய் திறந்தபடி நின்றுவிட்டார். தடி மெல்லக் கீழே இறங்கியது.

பெரியவர் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, கருமத்தம்பட்டிக்காரருங்களா! நல்லாருக்கீங்களா?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார். "நீங்க ஆருன்னு... தெரியலீங்களே."

"தெரியலீங்களா? எங்க ஊட்டுக்கு வந்து, இதே ஊஞ்சல்ல உக்காந்து ஆடிப் பாத்துப்போட்டு ஏத்திட்டுப் போனீங்களே! அந்த யானை என்ர மவ சின்னதுல காம்பஸால கீறுனதுங்க. தும்பிக்கை போடறதுக்குள்ள நான் பாத்துட்டேன், முதுகுல ரெண்டு வெச்சேன். இப்ப அவ எங்க பேத்தியக் கூட்டிக்கிட்டு எங்ககூடவே வந்துட்டா. அதே ஊஞ்சல்தான் வேணுங்கறா. விளம்பரப் படத்துல சங்கிலியில இருக்கற பூவப் பாத்ததும் என்ர ஊட்டுக்காரி கண்டுபுடிச்சுப்போட்டா. முன்னாலயே சொன்னா வெலைய ஏத்திருவீங்கன்னு நான் வாயத் தொறக்கல."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தாழ் போட்ட கதவைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு அம்மணி கல்யாணத்துக்குன்னு சொல்லிக் கொறச்சு வாங்குனீங்க. இன்னைக்கு வேற பேருல, எச்சா வெலைக்கு விளம்பரம். மாமனும் மாப்பிள்ளையுமாச் சேந்து இதையே யாவாரமாப் பண்றீங்களா? கதவத் தொறங்க, நான் போலீசுக்குப் போறேன்!"

முறுக்குத் தட்டோடு வந்த கௌசல்யா நடுவில் நின்றாள்.

"மாமா... ஆசாரி?" என்றாள்.

"அம்மணி... விளம்பரமா?" என்றார் மாமா.

மாமா தடியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த வருசம் தறி ஓடவே இல்ல கண்ணு. அப்பனில்லாத புள்ளைக்குச் சீரு கொறஞ்சு போச்சுன்னு ஒருத்தன் சொல்லிரக்கூடாதுல்ல? அதான் இப்படிப் பண்ணிப்போட்டேன்."

கௌசல்யா அழுதேவிட்டாள். "நீங்க வந்து நின்னதே எனக்குப் போதும் மாமா. ஊஞ்சலு ஆருக்கு வேணும்?" மாமாவும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். போலீசுக்குப் போக இருந்த பெரியவர், எப்போதோ தட்டிலிருந்து எடுத்துவிட்ட முறுக்கைக் கடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். அவர் மனைவி மட்டும் எங்கள் யாரையும் கண்டுகொள்ளாமல், பலகைக்கு அடியில் கையை விட்டு யானையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஊஞ்சல் அன்றே உக்கடத்துக்குத் திரும்பிப் போனது. டெம்போவில் ஏற்ற ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மாமாவும்தான் பிடித்தோம். நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று மூவரும் சத்தியம் செய்தோம். அடுத்த வாரமே கருமத்தம்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. (கௌசல்யா என்னைச் சந்தேகப்படுகிறாள். நான் மாமாவைச் சந்தேகப்படுகிறேன்.) அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் எந்தப் பரிசு கொடுத்தாலும், "அடியில யானை இருக்குதான்னு பாத்துக்குங்க" என்று ஒரு குரல் வராமல் இருப்பதில்லை.

போன மாதம், அதற்குப் பிறகு பிறந்த எங்கள் மகளுக்குக் காதுகுத்து. மாமா பெரிய பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். யாரும் வாயைத் திறப்பதற்குள் தானே அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடையின் விலைச்சீட்டை எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். "பாத்துக்குங்க, புத்தம் புதுசு!" சபையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் யாரும் பார்க்காத நேரம் அந்தச் சீட்டை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். அடியில் இன்னொரு சீட்டு இருந்தது.

"என்ன மாப்ளே," என்று பின்னாலிருந்து மாமாவின் குரல், "ஒட்டறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிப்போச்சு. நீங்க சொரண்டுவீங்கன்னு தெரியுமுங்க. அதப் படிங்க."

படித்தேன். மாமாவின் கையெழுத்தில் இருந்தது: 'சொரண்டுனாலும் புதுசுதானுங்க.' பக்கத்தில் ஒரு யானை. இந்த யானைக்குத் தும்பிக்கை இருந்தது.