சமையலறைக் கேமரா குறித்து என் தரப்பு

எளாவூர்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் அரசப்பன் அவர்களுக்கு, மணவாளன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். பள்ளிப்பட்டில் நீங்களும், நாலு நாளாக உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட உங்கள் தங்கையும் சுகம் என்று நம்புகிறேன். நீங்கள் என் போனை எடுக்காததால் தபாலில் எழுத வேண்டியதாகிவிட்டது. அஞ்சம்மாள் தன் தரப்பைச் சொல்லியிருப்பாள். என் தரப்பையும் கேளுங்கள்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததை எல்லாம் வாங்கி, வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி எல்லாம் போனுக்குக் கட்டுப்படும்படி செய்தேன். சொன்னால் கேட்கிற ஒரு பேசும் பெட்டியையும் கூடத்தில் வைத்தேன். அது நான் சொன்னால் கேட்டது. அஞ்சம்மாள் 'ஊட்டு லைட்ட போடு' என்றால் மட்டும், மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை என்றது. உங்கள் தங்கை அதை முறைத்து, "எனக்குந்தான் உன்ன புரியல. நான் வேல செய்யாமலா கீறேன்?" என்று கேட்டுவிட்டு இருட்டிலேயே கீரை ஆய்ந்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் கரண்ட் ஐந்து முறை போய்ப் போய் வந்தது. அந்தப் பல்புகளை ஐந்து முறை அணைத்துப் போட்டால் போனோடு புதிதாக இணைக்கச் சொல்வதாக அர்த்தம்; அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு அத்தனை பல்பும் மினுக்க ஆரம்பித்துவிட்டன. வீட்டில் விசேஷமா, எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று எதிர்வீட்டார் வருத்தப்பட்டார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்தாள். கேமராதான் மச்சான் கெடுத்தது. அடுப்புக்கு மேலே ஒன்றைப் பொருத்தினேன், நல்ல எண்ணத்தில்தான். அதில் பார்க்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். நான் நெடுஞ்சாலை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே பால் பொங்குவதைப் பார்த்துச் சொல்வேன். உப்பு இரண்டாவது தடவை விழுவதையும் சொல்வேன். புதன்கிழமை மகளிர் குழுப் பெண்கள் ஒன்பது பேர் வந்து சமையலறையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் பேச்சு. ரிட்டயர் ஆனதிலிருந்து ஒரே பேஜாராகப் போய்விட்டது, ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று அஞ்சம்மாள் சொன்னாள். அநியாயம். நான் டீயை வைத்துவிட்டு, "காலைல உருளக்கெழங்கு உரிச்சது யாரு?" என்று கேட்டுவிட்டேன். சுவரிலிருந்து என் குரல் கேட்டதும் குழுத் தலைவி கிறிஸ்டினா கையிலிருந்த கரண்டியால் கேமராவை இரண்டு அடி அடித்தார். அப்போதும் படம் தெளிவாகத்தான் தெரிந்தது.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவள் பையைக் கட்டிவிட்டாள். அழவில்லை, சத்தமும் போடவில்லை. "நீ மில்லுக்குப் போயிகினு இருந்தப்போ அந்த எட்டு மணி நேரம் என்னுது. இப்ப அதுவும் இல்ல," என்றாள். சொல்லிவிட்டுப் பள்ளிப்பட்டுக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே கேமராவைக் கழற்றிவிட்டேன். மறுநாள் மீதி எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். இனி அந்தத் திசைக்கே போகமாட்டேன். தினமும் நாஷ்டா முடிந்ததும் வெளியே கிளம்பிவிடுவேன், சாயங்காலம்தான் வருவேன், நடுவில் வாய் திறக்கமாட்டேன். இதை அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவையுங்கள். அவள் இல்லாத வீட்டில் சுவிட்ச் போடும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

உங்கள் நெல்லுக்குப் பூச்சி அண்டாமலும், உங்கள் முழங்காலுக்கு வலி அண்டாமலும் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
மணவாளன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அஞ்சம்மாளே போன் செய்தாள். உங்கள் வயல் மோட்டாரைப் போட நாலு நாளாக நடந்து அவளுக்குக் கால் விட்டுப்போச்சாம். போனிலேயே மோட்டாரைப் போடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சாக்கை இறக்கிவிட்டேன், நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். அண்ணனுக்குத் தெரிந்தால் விடமாட்டார், சொல்லாதே என்றாள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருக்கும் என்பதால், நான் சொன்னதாக ஆகாது.