வெள்ளத்தார் எழும்பி நின்ற நாள்

மட்டக்களப்பில் மழையை அறிவிப்பது வானிலை நிலையம் என்று நீங்கள் நினைத்திருந்தால் தவறு. எங்கள் பக்கம் மழையை அறிவிப்பவர் வெள்ளத்தார். ஒரு தொலைக்காட்சியின் பிராந்தியச் செய்தியாளர். அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் வீட்டுக்குள் போகும், அரிசி மூட்டை கட்டிலுக்கு மேலே ஏறும். பாவம், மனிதர் யாரோ ஒருவருடைய கலியாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். அதை யார் கேட்டார்கள்? பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது.

நான் அவருடைய கமெராக்காரன். அவரிடம் தொழில் பழகியவர்கள் கொழும்புக்குப் போய்க் கோட்டுப் போட்டுச் செய்தி வாசிக்கிறார்கள். இவர் தலை நரைத்தும் அதே மைக்கோடு இங்கேயே கிடந்தார். தொழிலில் அவருக்கு ஒரேயொரு பிடிவாதம்: செய்தியாளர் செய்திக்கு உள்ளே நிற்க வேண்டும். அறுவடை என்றால் வைக்கோலுக்குள் நின்று தும்மித் தும்மிப் பேசுவார். கோயில் திருவிழா என்றால் பறைமேளக்காரருக்கு நடுவில் நின்று பேசுவார், ஒரு சொல் கேட்காது. யானை வேலியை உடைத்தால் உடைந்த இடைவெளியில் நிற்பார். யானை திரும்பி வருகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

வெள்ளம் என்றால் தண்ணீருக்குள். ஆனால் கணுக்கால் தண்ணீரைக் கொழும்புச் செய்தி அறை ஒரு பொருட்டாக எடுக்காதே! அதற்கும் வெள்ளத்தார் வழி வைத்திருந்தார். சேர்ட்டை ஒழுங்காக உள்ளே விட்டுக்கொண்டு, அப்படியே முழங்காலில் இருந்துவிடுவார். என்னையும் கமெராவைத் தாழப் பதித்துப் பிடிக்கச் சொல்வார். இடுப்பளவு வெள்ளம் தயார். ஒருமுறை அவர் அப்படி இருந்து உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு கோழி வயிறு நனையாமல் நடந்துபோனது. நானும் கவனிக்கவில்லை, கொழும்பும் கவனிக்கவில்லை. நாடே பார்த்தது. அதற்குப் பிறகு செய்தி அறையில் அவர் பெயர் வந்தாலே கோழியும் கூடவே வரும்.

அந்தக் கோழி பழிவாங்கியது ஒரு மாரிகாலத்தில். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பெரிய வட்டை, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். கதிர் தள்ளும் நேரம் பார்த்து மழை விடாமல் ஊற்றியது. வாவி நிரம்பி வயலுக்குள் ஏறிவிட்டது. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தில் கடல் மணல் அடைத்துக் கிடந்தது. அந்த மணலை வெட்டினால் தண்ணீர் கடலுக்கு ஓடும், நெல் தப்பும். வெட்டினால் வாவி இறாலும் சேர்ந்து கடலுக்கு ஓடும், மீன்பிடிக்காரர் பாடு திண்டாட்டம். அதனால் அதிகாரிகள் இந்தப் பக்கமும் பார்த்தார்கள், அந்தப் பக்கமும் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாளைக்குள் வடியாவிட்டால் பயிர் அழுகிவிடும் என்று, வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையார் கண் கலங்கிச் சொன்னார்.

வெள்ளத்தார் மைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. நான் படம் எடுத்து அனுப்பிச் சற்று நேரத்தில் கொழும்பிலிருந்து செய்தி ஆசிரியர் அழைத்தார். வெள்ளத்தாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"அண்ணே, போதும். எழும்பி நில்லுங்க."

"நான் நிண்டுகொண்டுதான் தம்பி இருக்கன்."

"முந்தியும் அப்படித்தானே சொன்னீங்க, கோழி வரும்வரைக்கும்" என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

வெள்ளத்தார் முகம் செத்துப்போனது. வெளியே வாருங்கள், காய்ச்சல் பிடிக்கும் என்று கத்தினேன். செய்தி போகாமல் கரைக்கு ஏறுவதில்லை என்று நின்றுவிட்டார். பிறகு விதானையாரைப் பார்த்து, "ஊர்ல இருக்கிற ஆக்களக் கூப்பிடுங்க. எல்லாரும் வந்து என்ட பக்கத்தில நிக்கட்டும்" என்றார்.

வந்தார்கள். நெட்டையர் வந்தார், தண்ணீர் இடுப்புக்கு நின்றது. குட்டையர் வந்தார், கழுத்துக்கு நின்றது. பெண்கள் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண், மூன்று ஏக்கர் விதைத்தவள், கமெராவைப் பார்த்துக் கேட்டாள்:

"இஞ்ச நிக்கிற நாங்க இத்தின பேரும் முழங்காலிலயா தம்பி நிக்கிறம்? வந்து பாருங்க."

வெள்ளத்தாருக்குச் சோடனை இல்லாமல் பேச வராது. அன்று வந்தது. இதற்குக் கீழே கதிர் இருக்கிறது, முகத்துவாரத்தை இன்றைக்கே வெட்ட வேண்டும் என்றார், அவ்வளவுதான். மதியச் செய்தியில் அது முதலாவதாகப் போனது. பொழுது சாய முன்னமே மணலில் இயந்திரம் இறங்கியது. மறுநாள் காலை வயலில் பச்சை நுனி தெரிந்தபோது விதானையார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

நமது வேலை முடிந்தது என்று நான் படுத்திருந்தேன். மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கமெராவ எடு மனே. இறால் போயிற்று. கல்லடிக்குப் போவம்."

கல்லடிக்கா என்று கேட்டேன். கல்லடியில் வலை வீசுகிறவர் அவருடைய மனைவியின் சொந்தத் தமையன். போனோம். கவிழ்த்த தோணிக்குப் பக்கத்தில் நின்ற மச்சானின் முன்னால் வெள்ளத்தார் மைக்கை நீட்டினார். மச்சான் விரலை நீட்டினார், நேரே இவருடைய மூக்குக்கு.

"எங்கட வயித்தில அடிச்ச ஆள் இவர்தான். இவர்ர செய்தியாலதான் வெட்டினாங்க. இனி என்ட புள்ளைகளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

நான் கமெராவை நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். வெள்ளத்தார் வேண்டாம் என்று தலையாட்டினார். மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தார்.

"மறுகாச் சொல்லுங்க மச்சான். கொழும்புக்கு வடிவாக் கேக்கட்டும்."

அந்த ஏச்சை ஒரு சொல்லும் வெட்டாமல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நிவாரணம் பற்றிப் பேச வயல்காரரை மட்டும் கூப்பிட்டிருந்த அதிகாரிகள், அதற்குப் பிறகு வலைக்காரரையும் கூப்பிட்டார்கள். மச்சான் மட்டும் வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று திரும்பும்போது மோட்டார் சைக்கிளை நான்தான் ஓட்டினேன். பின்னால் இருமிக்கொண்டே வந்தார். பாலத்தில் காற்று பலமாக அடித்தது. இந்த மனிசனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று, காற்று அவரில் படாதபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெல்ல ஓட்டினேன்.